ஆம்ப்ரோஸ் விட்டுவைத்த பக்கம்

மாதா கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டை அடுப்பனலில் காட்டி இளக்கி, கித்தான் பையின் தையல்மேல் இழுத்து இழுத்துத் தேய்க்கிறார் ஆம்ப்ரோஸ். ஒரு தையலையும் விடுவதில்லை. தேய்த்தானதும் பையைக் குழாயடியில் பிடித்து, உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்க்கிறார். ஈரம் தட்டினால் மறுபடி மெழுகு. ரிச்சர்ட்ஸ் டவுனில் அவருடைய ஓட்டு வீட்டு வாசலில் ஒவ்வொரு செப்டம்பரிலும், மாதா திருநாள் முடிந்த சாயங்காலம், இது நடக்கிறது. மறுநாள் விடியற்காலையில் சைக்கிள் ஏறிவிடுவார். போக நூற்றிருபத்தைந்து மைல், வர நூற்றிருபத்தைந்து மைல். துணைக்கு யாரும் கிடையாது.

மெழுகு பூசிய பைக்குள் மாற்றுச் சட்டை, பஞ்சர் ஒட்டும் டப்பா, காகிதத்தில் சுற்றிய நாலு பன், ஒரு சீப்பு வாழைப்பழம் எல்லாம் போகின்றன. ஒரு பொருள் மட்டும் போவதில்லை. நனையவே கூடாதது அது ஒன்றுதான் என்று நீங்களும் நானும் சொல்லுவோம். அது கனத்த அட்டை போட்ட ஒரு புத்தகம். அதை ஹாண்டில்பாரில் தொங்கும் திறந்த துணிப்பையில் போட்டுக்கொள்கிறார். மழை வந்தால் சட்டையும் பன்னும் காய்ந்தபடி இருக்கும், புத்தகம் நனையும். இந்த மனிதர் தொழிலில் பைண்டர் என்பதையும் சேர்த்துச் சொன்னால், இவருக்குக் கொஞ்சம் மறை கழன்றிருக்கிறது என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பகலில் கண்டோன்மெண்டில் ஓர் அச்சுக்கூடத்தில் அவருக்கு வேலை. சாயங்காலத்தில் வீட்டிலேயே வெளிவேலை எடுத்துச் செய்வார். பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து அடுக்கி வைக்கும் பைத்தியம் எனக்கு உண்டு. இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்காவது அது இருக்கும், மறைக்க வேண்டாம். மல்லேஸ்வரத்தில் குடியிருக்கும் இன்ஷூரன்ஸ் குமாஸ்தாவாகிய நான் இரண்டு பஸ் மாறி ரிச்சர்ட்ஸ் டவுனுக்குப் போய் வருவது அந்தப் பைத்தியத்தினால்தான். வேறு பைண்டர்களும் ஊரில் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் ஓரம் வெட்டும்போது கதையையும் சேர்த்து வெட்டிவிடுவார்கள்.

ஆம்ப்ரோஸ் ஒல்லி. வயது ஐம்பதைத் தொடப்போகிறது. கெண்டைக்கால் மட்டும் யாரோ பயில்வானுடையதை வாங்கி ஒட்டவைத்ததுபோல் இருக்கும். பசையில் பூச்சி விழாமலிருக்க மயில்துத்தம் கலந்து காய்ச்சுகிறவர் ஆதலால் நக இடுக்குகளில் எப்போதும் இளநீலம் படிந்திருக்கும். பைண்டு செய்யும் புத்தகங்களில் ஒரு வரி கூடப் படிப்பதில்லை. "படிச்சா கை நின்னுடும் சார்" என்பார். ஆனால் படித்தவர்களைப் பற்றி அவருக்குத் தெரியும். ஒரு முறை, தையல் தளர்ந்துவிட்டது என்று ஒரு தொடர்கதையைத் திரும்ப எடுத்துப் போனேன். புத்தகத்தின் முதுகை உள்ளங்கையில் நிறுத்திவைத்து அட்டைகளை விட்டார். புத்தகம் தானாக ஓரிடத்தில் திறந்துகொண்டது.

"இந்த எடத்தத்தான் சார் நீங்க அடிக்கடி தொறக்கறீங்க. எங்க ரொம்பத் தொறக்கறமோ, அங்கயே தொறந்துக்கும். புக்கு காட்டிக் குடுத்துடும்" என்றார்.

திறந்த இடத்தில் கதாநாயகி ரயிலடியில் நின்று கதாநாயகனுக்கு விடைகொடுத்துக்கொண்டிருந்தாள். கூட வந்திருந்த என் மனைவி பாமா மல்லேஸ்வரம் போய்ச் சேரும்வரை சிரித்துக்கொண்டே வந்தாள்.

சைக்கிள் இங்கிலீஷ் சைக்கிள். நாற்பத்தேழில் வெள்ளைக்காரப் பட்டாளம் மூட்டை கட்டியபோது, ஊருக்குப் போகிற ஒரு சிப்பாய் கண்டோன்மெண்டில் விற்றுவிட்டுப் போனது. அது கைக்கு வந்த நாள் முதல் ஆம்ப்ரோஸுக்கு ஊர் ஊராகப் போகும் ஆசை பிடித்துக்கொண்டது. வேளாங்கண்ணிக்குப் போனார், கன்னியாகுமரிக்குப் போனார், மங்களூருக்கு மலை இறங்கிப் போனார். எல்லாம் தனியாகத்தான். ஏன் தனியாக என்று கேட்டால், "ஜோடி சேந்தா பேச்சு வரும். பேச்சு வந்தா மிதி கொறஞ்சிடும்" என்று முடித்துவிடுவார். ஆளில்லாத ரோட்டிலும் மணி அடித்துக்கொண்டே போவது அவருக்கு வழக்கம். "ரோட்டுக்கு ஒரு மரியாத வேணாமா?"

இப்படி நெடுந்தூரம் போகிறவர்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. வழியில் வரும் ஊரிலெல்லாம் தபால் ஆபீஸுக்குள் நுழைந்து, கையில் உள்ள நோட்டில் தேதி முத்திரை குத்தி வாங்கிக்கொள்வார்கள். இன்ன நாள் இன்ன ஊருக்கு வந்தேன் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. மற்றவர்கள் ஏதோ ஒரு நோட்டில் வாங்குவார்கள். ஆம்ப்ரோஸ் பைண்டர் அல்லவா! கெட்டித் தாளாக வெட்டி, தன் கையாலேயே தைத்து, ஊருக்கு ஒரு பக்கம் என்று ஒதுக்கி, பக்கத்தின் தலையில் ஊர்ப் பெயரைக் கிளம்புவதற்கு முன்பே எழுதி வைத்துவிடுவார். பக்கம் அங்கே காத்திருக்கும். இவர் போய்ச் சேர்ந்து அதில் முத்திரை வாங்க வேண்டும்.

அந்தப் புத்தகம் இன்று பார்க்கச் சகிக்காது. தாளெல்லாம் உப்பி, முத்திரை மையெல்லாம் கரைந்து வழிந்து, ஊறின பிஸ்கோத்துபோல் இருக்கிறது. ஊரார் புத்தகத்துக்கெல்லாம் காலிகோத் துணி போடுகிற கை தன் புத்தகத்தை இப்படி விட்டிருக்கிறதே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. இரண்டு வருஷங்களுக்கு முன் சிக்பேட்டையில் நல்ல ரெக்ஸின் துணி ஒரு கஜம் வாங்கிக்கொண்டு போய், "இதில் ஒரு பை தைத்துப் புத்தகத்தைப் போட்டு மூடிவையுங்கள்" என்று நீட்டினேன். கொடை வள்ளல் என்ற நினைப்பு எனக்கு.

அவர் துணியைத் தடவிப் பார்த்தார். தொழில்காரர், நல்ல துணி என்பது விரலுக்குத் தெரிந்தது. பிறகு வந்த மடிப்பிலேயே மடித்து என் மடியில் வைத்தார்.

"வேணாம் சார். ஒரு தபா மூடி வெச்சுப் பாத்தாச்சு."

அன்றைக்குத்தான் விஷயத்தைச் சொன்னார். பசைச் சட்டியைக் கிளறிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

ஐம்பத்துநாலாம் வருஷம் பம்பாய்க்குப் போவதென்று கிளம்பியிருக்கிறார். அவர் செய்ததிலேயே பெரிய பயணம். ஒரு வருஷமாகத் திட்டம். எந்தத் தேதியில் எந்த ஊர் என்று ஒரு தாளில் எழுதி மனைவி லூர்து மேரியிடம் கொடுத்திருந்தார். ஒவ்வொரு பயணத்திலும் அது வழக்கம். அவசரம் என்றால் அந்தந்த ஊர்த் தபால் ஆபீஸுக்கு ஆம்ப்ரோஸ் பெயர் போட்டுத் தந்தி அடிக்க வேண்டியது. முத்திரைக்கு இவர் எப்படியும் அங்கே போய் நிற்பார், கையில் கொடுத்துவிடுவார்கள். அதுவரை ஏழு வருஷத்தில் ஒரு தந்தியும் வந்ததில்லை.

"காலைல கெளம்பறச்ச வவுத்து வலின்னா சார். கஷாயம் வெச்சுக் குடிச்சா. இரு, ஒரு நா கழிச்சுப் போறேன்னேன். 'லிஸ்ட்டு எழுதிட்டு அப்பறம் என்ன, தேதி கெட்டுப் போவும், கெளம்புங்க'ன்னா. கெளம்பிட்டேன்."

முதல் நாள் சிரா வரை போய்ப் படுத்தார். அன்று சாயங்காலமே இங்கே லூர்து மேரிக்கு வலி பொறுக்க முடியாமல் போய்விட்டது. அவளுடைய அண்ணன் டொமினிக் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். குடல் வெடித்துவிட்டது என்றார்கள். மறுநாள் காலையில் லிஸ்டைப் பார்த்து டொமினிக் சித்ரதுர்காவுக்குத் தந்தி அடித்தார்: லூர்துவுக்கு ஆபத்து, உடனே புறப்படு.

அன்று சித்ரதுர்காவில் மழை கொட்டியது. மழை அதிகம் பாராத சீமை அது. பெய்தபோது மொத்தமாகப் பெய்துவிட்டது. பகல் ஒரு மணிக்கு ஆம்ப்ரோஸ் தபால் ஆபீஸ் எதிரே வந்துவிட்டார். தண்ணீர் முழங்காலுக்கு ஓடுகிறது. புத்தகமோ மெழுகு பூசிய பைக்குள், மேலே எண்ணெய்த் துணி சுற்றி, பத்திரமாக இருக்கிறது.

"செவப்புப் பொட்டி தெரியுது சார். இருவதடிதான். வராண்டா ஒழுவுது. இப்ப புக்க வெளிய எடுத்தா நனஞ்சிடும். ஒரு தபா நனஞ்ச பேப்பரு திரும்பப் பழைய பேப்பரா ஆவாது சார், இஸ்திரி போட்டாலும் ஆவாது. வரச்ச குத்திக்கலாம்னு மிதிச்சிட்டேன். ஊரு தாண்டி ஒரு புளியமரத்தண்ட நின்னு பைக்குள்ள கை வுட்டுப் பாத்தேன். புக்கு காஞ்சு இருந்துது. சந்தோசமா இருந்துது சார் எனக்கு."

அந்தச் 'சந்தோசமா' என்ற சொல்லை அவர் சொன்னபோது நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து உட்கார்ந்தபின் மீதியைச் சொன்னார்.

ஒரு மணிக்குத் தந்தி கைக்குக் கிடைத்திருந்தால் பஸ்ஸோ லாரியோ பிடித்து ராத்திரி எட்டு மணிக்குள் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கலாம். லூர்து மேரிக்கு விடியும்வரை நினைவு இருந்தது. வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று டொமினிக் பிற்பாடு சொன்னாராம்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு அடுத்த ஊரான தாவணகெரேயில் மழை விட்டிருந்தது. ஆம்ப்ரோஸ் தலைவாரிக்கொண்டு தபால் ஆபீஸுக்குள் போய்ப் புத்தகத்தை நீட்டினார். "போஸ்ட்மாஸ்டர் நல்ல மனுசன் சார். மொதல்ல முத்திரய நல்லாப் பதிய குத்தினாரு. ஊதி ஊதிக் காய வெச்சாரு. அப்பறமா, உங்க பேருக்கு ஒண்ணு வந்திருக்குன்னாரு." அந்தப் பக்கத்தை நான் பார்த்திருக்கிறேன். இத்தனை நனைந்த பிறகும், மொத்தப் புத்தகத்திலும் அவ்வளவு சுத்தமான முத்திரை வேறு கிடையாது. வந்திருந்த தந்தியில் லூர்து காலமானாள் என்றும், முதல் தந்தி பார்த்தும் ஏன் வரவில்லை என்றும் இருந்தது.

ரயில் பிடித்து மறுநாள் வந்து சேர்ந்தார். அடக்கம் முடிந்துவிட்டது. கல்லறையில் வைத்தே டொமினிக் சட்டையைப் பிடித்தார். பெண்டாட்டி சாகக் கிடக்கிறாள் என்று தந்தி வந்த பிறகும் சைக்கிள் மிதித்தவன் என்று ஊர் முழுக்கப் பேச்சாகிவிட்டது. ஆம்ப்ரோஸ் முதல் தந்தியைப் பார்க்கவே இல்லை என்றால் யார் நம்புவார்கள்? போகிற ஊரிலெல்லாம் முத்திரை குத்தாமல் நகராதவர் என்று ஏழு வருஷமாக அவரே பெருமையடித்து வைத்திருந்தார்.

அவருக்கு இருந்த ஒரே சாட்சி புத்தகம். ஹிரியூர் பக்கத்துக்கும் தாவணகெரே பக்கத்துக்கும் நடுவே, தலையில் 'சித்ரதுர்கா' என்று எழுதி, கீழே முத்திரையில்லாமல் வெறும் பக்கமாக இருக்கிறதே, அதுதான் சாட்சி. எடுத்துக்கொண்டு போய் மைத்துனரிடம் காட்டினார். டொமினிக் பார்க்கக்கூட இல்லை.

"வெத்துப் பேப்பர கொண்டாந்து சாட்சின்றியா? உன் கையில பைண்டிங்கு. நீ எத்தினி வெத்துப் பேப்பர் வேணாலும் தெச்சிக்குவ. போடா."

அன்றோடு பேச்சு நின்றது. இருவருக்கும் ஒரே தெரு, ஒரே கோயில். ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஒருவர் வலப்பக்கம் உட்கார்ந்தால் மற்றவர் இடப்பக்கம் உட்காருவார்.

மறு வருஷம் திருநாள் முடிந்ததும் ஆம்ப்ரோஸ் சித்ரதுர்காவுக்குப் போனார். அந்தத் தந்தியைப் பற்றிக் கேட்டார். அவ்வளவு பழைய காகிதம் இப்போது இராது என்றார்கள். திரும்பிவிட்டார். அதற்கடுத்த வருஷமும் போனார். அதற்கடுத்தும் போனார். போகிற வழியில் நெலமங்களா, தும்கூர், சிரா, ஹிரியூர், எங்கும் நிற்கிறார். அடை மழையானாலும் திறந்த பையிலிருந்து புத்தகத்தை எடுத்து நீட்டி முத்திரை வாங்குகிறார். புதிய தாள்களை வருஷா வருஷம் கடைசியில் சேர்த்துத் தைத்துக்கொள்கிறார். சித்ரதுர்காவில் மட்டும் முத்திரை கேட்பதில்லை. ஜன்னலில் நின்று, "ஆம்ப்ரோஸ் பேருக்கு எதுனா வந்திருக்கா?" என்று கேட்கிறார். அவர்கள் தேடிப் பார்த்து இல்லை என்கிறார்கள். சைக்கிளைத் திருப்புகிறார்.

"யார் அடிக்கப்போகிறார்கள் உங்களுக்கு அங்கே?" என்று கேட்டேன். என் வாயில் நல்ல கேள்வி எப்போது வந்திருக்கிறது!

"யாரும் அடிக்க மாட்டாங்க சார்" என்றார். "ஆனா நா போய்க் கேக்கணுமில்ல."

பம்பாய்க்கு எப்போது என்று கேட்கத் துணிவு வரவில்லை. ரெக்ஸின் துணியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பாமா அதில் மார்க்கெட் பை தைத்துக்கொண்டாள்.

இந்த வருஷம் திருநாளுக்கு மறுநாள் விடியலில் ஆம்ப்ரோஸ் எங்கள் வீட்டு வாசலில் மணி அடித்தார். தும்கூர் ரோட்டுக்கு மல்லேஸ்வரம் வழியாகத்தான் போக வேண்டும் என்பதால் போகும்போது ஒரு காப்பி உண்டு. அன்று வழக்கத்துக்கு விரோதமாக நிறையப் பேசினார்.

"நேத்து தேர் முடிஞ்சு வரச்ச கோயில் கேட்டாண்ட டொமினிக் மச்சான் நிறுத்தினாரு சார். ஆறு வருசம் ஆச்சு பேசி. ஆளு எளச்சுப் போய்ட்டாரு, நெஞ்சு வலியாம். 'அந்தப் பக்கத்த இன்னும் வெச்சிருக்கியா?'ன்னாரு. வெச்சிருக்கேன் மச்சான்னேன். 'அப்பிடியே இருக்கா?'ன்னாரு. அப்பிடியே இருக்குதுன்னேன். 'போயிட்டு வந்ததும் கொண்டா, பாக்கறேன்'னாரு."

"இப்போதே காட்டிவிட்டுப் போகக்கூடாதா?" என்றாள் பாமா.

"போயிட்டு வந்துன்னாரில்ல, தாயி. போய்க் கேட்டுட்டு வந்து காட்டறேன்." காப்பியை ஆற்றாமலே குடித்தார். சைக்கிளில் ஏறும்போது துணிப்பையை ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார்.

நாலாம் நாள் பகலில் எங்கள் பேட்டையில் நல்ல மழை. பத்திரிகைக்கு ஒரு கட்டுரையை ரிஜிஸ்டர் தபாலில் அனுப்ப வந்தவன், தபால் ஆபீஸில் மாட்டிக்கொண்டேன். குடை வீட்டில் பத்திரமாக இருந்தது. வெளியே சைக்கிள் மணி கேட்டது. தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட ஆம்ப்ரோஸ் உள்ளே வந்தார். பயணத்தின் கடைசி முத்திரையை அவர் இங்கேதான் வாங்குவார். என்னைப் பார்த்ததும், "கேட்டேன் சார், ஒண்ணும் வரலன்னாங்க. நேரா மச்சான் வூட்டுக்குத்தான் போறேன்" என்றார். ஈர முகத்தில் சிரிப்பு இருந்தது. அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு.

ஜன்னலுக்குப் பின்னால் புதிதாக வந்திருக்கும் கோவிந்தப்பா. உற்சாகமான மனிதர். எங்கேயிருந்து வருகிறீர்கள் என்று கன்னடத்தில் விசாரித்தார், சித்ரதுர்கா என்று ஆம்ப்ரோஸ் சொன்னதும், "அப்பப்பா! இந்த மளேயல்லி சைக்கிள் மேலே?" என்று வெளியே மழையைக் காட்டி வாயைப் பிளந்தார். புத்தகத்தை வாங்கி, ஈரம் பாராட்டாமல், முதுகை மேஜைமேல் நிறுத்தி அட்டைகளை விட்டார்.

புத்தகம் தானாகத் திறந்துகொண்டது.

ஆறு வருஷமாக எந்த இடத்தை அடிக்கடி திறந்திருக்கிறாரோ அந்த இடம். தலையில் எழுதிய 'சித்ரதுர்கா' மழையில் கரைந்து வெறும் நீலக் கறையாகியிருந்தது. கீழே சுத்தமான வெறும் தாள். கோவிந்தப்பாவுக்கு என்ன தெரியும்? "இதோ, காலி பக்கம்" என்று சந்தோஷமாகச் சொல்லி, மைப்பட்டையில் அழுத்திய முத்திரைக் கட்டையை ஓங்கினார். அவருக்குக் கை வேகம்.

"சாமி!" என்றார் ஆம்ப்ரோஸ்.

ஜன்னல் கம்பிகளுக்குள் அவருடைய கை பாய்ந்து விரிந்து அந்தப் பக்கத்தின்மேல் கவிழ்ந்தது. முத்திரை அவர் புறங்கையில் இறங்கியது. நல்ல அடி. கோவிந்தப்பா பதறிப்போய்க் கட்டையைத் தூக்கிக்கொண்டு கன்னடத்தில் ஏதேதோ மன்னிப்புக் கேட்டார். ஈரத் தோலில் அன்றைய தேதி கறுப்பாகப் பதிந்திருந்தது. மெல்ல நரம்போரமாக மை ஓடத் தொடங்கியது. ஆம்ப்ரோஸ் அதைப் பார்க்கவில்லை. பக்கத்தின்மேல் வைத்த கையை எடுக்கவும் இல்லை.